வயிற்றெரிச்சல்

ஒகுஸ்த் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் அவரும் விதவைத் தங்கை ஜொசியானும் மட்டும்தான். வீட்டை விற்க வேண்டும் என்பார் அவர். முடியாது என்பாள் அவள். இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

அன்று காலை அவள் போட்ட காப்பியைப் பாதி குடித்ததுமே அவருக்கு உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடிப்பு. மூச்சு இழுத்தது.

"என்னடி கலந்த?"

"பாலும் டிக்காஷனும்."

"வீட்டுக்காக என்னைக் கொல்லப் பாக்குற."

ஜொசியான் டம்ளரைப் பிடுங்கி மீதியைக் குடித்தாள். "போதுமா? வா ஆஸ்பத்திரிக்கு."

ஊசி போட்டதும் மூச்சு சரியானது. வாய்தான் அடங்கவில்லை. தங்கச்சி விஷம் வைத்துவிட்டாள் என்று எதிர் இட்லிக் கடை ஆதிலட்சுமியிடம் சொன்னார். தெரு முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் ஜொசியான் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்ததும், அவர் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்று அவளே அவரை ஸ்கூட்டரில் சாரம் பகுதியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் சிந்துஜா முடிவைப் பார்த்தார்.

"பால் புரதத்துக்கு எதிரா உங்க ரத்தத்துல எதிர்ப்பொருள் நிறைய இருக்கு சார். பால் அலர்ஜி."

"பொறந்ததுலேருந்து பால் குடிக்கிறேன்!"

"வேற மாத்திரை எதுனா சாப்புடுறீங்களா?"

"வயித்தெரிச்சலுக்கு. ரெண்டு வருஷமா. நானே கடையில வாங்குறது."

"வயித்துல ஊறுற அமிலம்தான் பால் புரதத்த உடைக்க ஆரம்பிக்குது. மாத்திரை அந்த அமிலத்தயே அடக்கிடுது. செரிக்காம உள்ள போற புரதத்த உடம்பு எதிரின்னு நெனச்சுக்கலாம். உங்களுக்கு அப்படித்தான் ஆயிருக்கணும். இனிமே பால், தயிர், நெய் எதுவும் தொடாதீங்க. மாத்திரைய மெதுவா நிறுத்திடலாம்."

திரும்பும் வழியில் ஜொசியான் கேட்டாள்: "தெருவுக்கே சொன்னியே, போய் மாத்திச் சொல்றியா?"

"எதுக்கு? உன் காரக் கொழம்பாலதான் அந்த மாத்திரையே போட்டேன்."

அவள் பிரேக் போட்டாள். "எறங்கு."

"நடு ரோட்லயா?"

"எறங்குண்ணா."

இறங்கினார். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். வெயிலில் நடந்தே அவர் வீடு சேர்ந்தபோது சமையலறையில் பூட்டு தொங்கியது.