துத்தவுக்குப் பின்னால் ஒரு புள்ளி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. சொன்னாலும் தப்பில்லைதான்.

1996-இல் தாராபுரத்துக்கு வெளியே, அமராவதி வாய்க்காலை ஒட்டிய ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தேன். கோயமுத்தூரில் விலங்கியல் படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை. தாய்மீன்களுக்கு ஊசி போட்டு முட்டையிட வைப்பதும், முட்டைகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் என் பாடு. தீனி இடித்துப் போடுவது செல்லாத்தாள் அக்காவின் பாடு. புருஷன் செத்துப்போனவர். பண்ணைக்குள்ளேயே ஓர் ஓட்டு வீட்டில் மகள் சண்முகப்ரியாவோடு இருந்தார். மகள் தாராபுரத்தில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் பொரித்த குஞ்சுகள் அத்தனையும் கோணல். முதுகு வளைந்து, நீந்தத் தெரியாமல், தொட்டியின் அடியில் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் செத்தன. தண்ணீரையும் தாய்மீன் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கோயமுத்தூரில் என் பேராசிரியரிடம் ஓடினேன். தண்ணீரில் குற்றமில்லை, தாய்மீன்களுக்குத் துத்தநாகச் சத்து இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் மட்டுமே தின்ற மீன்கள். தாய் உடம்பில் இல்லாதது முட்டைக்கு எங்கிருந்து வரும்? துத்தநாக சல்பேட்டைத் தீனியில் இம்மியளவு கலந்து எட்டு வாரம் கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். இதையெல்லாம் முதலாளி திருமலைசாமியிடம் விளக்கினேன். முன்னமே முட்டையிடாமல் ஒதுக்கி வைத்திருந்த பதினொரு தாய்மீன்களுக்கு அப்படியே கொடுப்பது என்று முடிவாயிற்று.

எட்டு வாரம் முடிந்தது. ஊசி போடுவதற்கு முதல் நாள், பண்ணை ஆட்கள் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு முதலாளி சொன்னார்.

"இந்தத் தடவையும் கோணலா வந்துதுன்னா, தீனி போட்டவ ஊட்டக் காலி பண்ணோணும். மருந்து ஒழுங்காப் போயிருந்தா குஞ்சு ஏன் கோணுது?"

செல்லாத்தாள் அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் தைரியமாக இருந்தேன். என் கணக்கு தப்பாது என்று எனக்கு அவ்வளவு திமிர்.

விடிவதற்குச் சற்று முன்னால் மீன்கள் முட்டையிட்டன. ஆறு மணிக்கு வட்டத் தொட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தில் அள்ளிப் பார்த்தேன். ஜவ்வரிசி வெந்தது போல ஒவ்வொரு முட்டையும் கண்ணாடியாய் உப்பியிருந்தது. உள்ளே கரு ஒழுங்காகப் பிரிந்துகொண்டிருந்தது. அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். நல்லா இருக்குதுங்கக்கா என்றேன். மாரியாத்தாளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு முதுகுக் கோடு தெரிந்தது. பதினொன்றுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புடைப்புகள். எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு வால் பிரிகிற நேரம். முதல் முட்டையில் வால் மேல்பக்கமாக மடங்கியிருந்தது. இது ஒன்றுதான் இப்படி என்று அடுத்ததைப் பார்த்தேன். அதுவும் மடங்கியிருந்தது. ஐம்பது முட்டைகளை எண்ணினேன், நாற்பத்தொன்று கோணல். இதயம் இருக்கும் இடத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ஜூனில் பார்த்ததைவிட மோசம். சத்துக் குறைவு மட்டும் இப்படிச் செய்யாது. ஏதோ விஷம் உள்ளே போயிருக்கிறது.

தண்ணீர் அதே கிணற்றுத் தண்ணீர். தொட்டி அதே தொட்டி. மாறியது தீனி ஒன்றுதான். தீனிக் கொட்டகைக்கு ஓடினேன். புண்ணாக்கு நாற்றம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அந்த எட்டு வாரமும் உள்ளே கால் வைக்காதவள் நான். வெட்கக்கேடு.

உரலின் ஓரமெல்லாம் நீலம் பூத்திருந்தது. மூலையில் இருந்த பையைப் பிரித்தேன். துத்தநாக சல்பேட் வெள்ளையாக இருக்கும். பைக்குள் இருந்தது மயில் கழுத்து நிறத்தில் கட்டி கட்டியாக மயில்துத்தம். செம்பு உப்பு. தென்னைக்கும் வெற்றிலைக்கும் நோய் வந்தால் சுண்ணாம்போடு கலந்து அடிப்பார்களே, அது. கரு வளர வேண்டிய துத்தநாகம் ஒரு துளியும் சேரவில்லை. அதற்குப் பதிலாக எட்டு வாரம் செம்பைத் தின்ற தாய்கள் அதை முட்டைக்குள் கொடுத்திருக்கின்றன. மீன்கள் தீனியை மிச்சம் வைக்கின்றன என்று அக்கா இரண்டு முறை வந்து சொன்னார். வெயில் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தப் பாழாய்ப்போன சீட்டு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

செல்லாத்தாள் அக்கா அந்த வருஷம்தான் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தார். அவர் படிக்கட்டும் என்றுதான் நான் எல்லாவற்றையும் தமிழிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். ஜிங்க் என்று எழுதியிருந்தால் உரக்கடையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருப்பார்கள். எனக்கோ தமிழ்ப் பெருமை. சீட்டு சின்னது, எழுத்து பெரியது, இடம் போதவில்லை. 'துத்த. சல்பேட்' என்று சுருக்கி எழுதினேன். அந்தப் பக்கத்தில் துத்தம் என்றால் மயில்துத்தம்தான்.

அதை வாங்கிக்கொண்டு போனவர் பாதி வழியில் திரும்பி வந்து, துத்தமுங்களா அம்மணி, அதை மீனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். ஜூன் குஞ்சுகள் செத்த எரிச்சலில் இருந்தேன். எழுதியிருப்பதைப் படியுங்கள், படிக்கத் தெரியும் அல்லவா என்று ஆட்கள் எதிரிலேயே கத்தினேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. அதன் பிறகு சீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

பையைத் தூக்கிவந்து ஆய்வு அறை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முட்டைகளுக்கு இனி வைத்தியமே இல்லை. தொட்டித் தண்ணீரை நூறு முறை மாற்றினாலும் கருவுக்குள் இருப்பது போகாது. எஞ்சியிருந்தது ஒரே கேள்விதான். முதலாளி ஐந்து மணிக்கு வருவார். அந்தச் சீட்டு எங்கே இருக்கிறதோ, எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும். நான் வாயைத் திறக்காவிட்டால் என் பேர் கெடாது. சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். நான்கு மணி நேரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மணிக்கும் எழுந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கருக்கள் துடிக்க ஆரம்பித்திருந்தன. கோணிய உடம்போடு முட்டைச் சவ்வைக் கிழிக்க முடியாமல் உள்ளேயே துடித்தன.

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார், எடுத்தார். மேசையில் இருந்த நீலத்தைப் பார்த்தார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தீனிக் கொட்டகையிலிருந்து என்று மட்டும் சொன்னேன்.

செல்லாத்தாள் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மணி சொன்னது துத்தநாகம், நீ வாங்கிவந்தது மயில்துத்தம், இருக்கிற மீனையெல்லாம் கொன்று போட்டாயே என்று எகிறினார். நாளைப் பொழுதுக்குள் வீடு காலியாக வேண்டும் என்றார். அக்கா அழவில்லை. ஒரு நிமிஷம் பொறுங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், மகளின் தமிழ்ப் புத்தகத்தோடு வந்தார். அதற்குள்ளிருந்து என் சீட்டை எடுத்தார். மடிப்புகூட இல்லாமல் வைத்திருந்தார். எழுத்துக் கூட்டித் தானாகப் படித்த முதல் கடுதாசி அது என்பதால் வைத்திருந்ததாக மகள் பிறகு சொன்னாள்.

முதலாளி அவரைப் படிக்கச் சொன்னார். விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாய்ப் படித்தார்.

"து... த்... த." விரல் நின்றது. "சல்... பேட்."

முதலாளி சிரித்தார். அறிவொளியில் படித்த லட்சணம் இதுதானா என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சீட்டை என்னிடம் நீட்டினார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது, தெரியாததைக் கேட்கிற குரல்.

"ஏனுங் அம்மணி, இந்தப் புள்ளி எதுக்குங்க? புள்ளி வெச்சா அதோட முடிஞ்சுதுன்னு வகுப்புல சொல்லிக்குடுத்தாங்க. அதான் அங்கயே நிறுத்திப்போட்டனுங்க."

சீட்டை வாங்கி முதலாளியிடம் நீட்டினேன். வெட்கம், வேறொன்றுமில்லை.

"அக்கா படிச்சது சரிங்க சார்," என்றேன். "தப்பா எழுதுனது நான். வந்து கேட்டப்ப எரிஞ்சு உழுந்ததும் நான்தானுங்க."

முதலாளி சீட்டை வாங்கித் தானும் ஒரு முறை படித்தார். படித்தவளின் தப்பு என்றதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன், யாராவது ஒருத்தர் போயே ஆக வேண்டும் என்றார் கடைசியில்.

"நான் போறனுங்க. அக்கா ஊடு அப்படியே இருக்கட்டும்."

வேண்டாம் என்று அவர் சொல்வார் என எங்கோ ஒரு நப்பாசை இருந்தது. சொல்லவில்லை. மைக்ராஸ்கோப்பைத் துடைத்து உறை போட்டு வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகும் முன் தீனிக் கொட்டகைக்குப் போனேன். அடுத்த சீசனுக்கு மீன்கள் தேற வேண்டும். கதவில் சாக்பீஸால், கதவகலத்துக்கு எழுதினேன். அக்கா பக்கத்தில் வந்து நின்று விரலை ஓட்டினார். து, த், த, நா, க, ம். எழுத்து எதையும் விடாமல் படித்துவிட்டு, சேர்த்து இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். நான் சாக்பீஸைக் கீழே வைக்கப் போனேன்.

"இப்பப் புள்ளி வையுங்க அம்மணி," என்றார்.