அக்கா குளம், தங்கை குளம்

தங்கை தன் கொல்லையிலிருந்த சின்னக் குளத்தில் தண்ணீர் ஊற்றினால், மூன்று தெரு தள்ளியிருந்த அக்காவின் குளமும் நிறைந்தது. அக்கா ஊற்றினால் தங்கையின் குளமும் அப்படியே. குழாய்க்காரர் இரண்டு கொல்லைகளையும் தோண்டிப் பார்த்துவிட்டு, நடுவில் குழாய் எதுவும் இல்லை என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். அத்தோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

காரணம் கிழங்குதான். அப்பா வளர்த்த அல்லி அது. வீட்டைப் பிரித்த அன்று அதையும் பிரித்தார்கள். அல்லியைப் பிரிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. கிழங்கை வெட்டி, குருத்து வெளியே தெரியும்படி களிமண் தொட்டியில் நட்டு, மேலே கூழாங்கல் பரப்பித் தண்ணீரில் இறக்கினால் போதும். வெட்டியவள் அக்கா. நல்ல குருத்தெல்லாம் தன் பாதியில் வரும்படி கத்தியைச் சாய்த்தாள். தங்கை தன் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நீயே வச்சுக்கோ" என்றாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தங்கை பழுத்த இலையைக் கிள்ளினால் அக்காவின் குளத்தில் ஓர் இலை குறையும். தங்கை உரத்தை அள்ளிப் போட்டால் அக்காவின் தண்ணீர் பச்சையாகும். "இன்னும் அளவு தெரியல பாரு இவளுக்கு" என்று அக்கா கொல்லையில் நின்று திட்டுவாள். வருடங்கள் இப்படியே போயின.

ஒரு கோடையில் அக்காவுக்கு வீம்பு பிடித்தது. "எப்பவும் நானே ஊத்தணுமா? அவ ஊத்தட்டும்" என்று குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பக்கமும் யாரும் ஊற்றவில்லை. இலைகள் சேற்றில் ஒட்டின. ஈரம் இருக்கும்வரை கிழங்கு தாங்கும் என்பதால் அவள் அசையவில்லை. சேறு வெடிக்கத் தொடங்கிய ஒரு காலையில் குளத்தில் ஒரு குடம் தண்ணீர் நின்றது. "வழிக்கு வந்துட்டா" என்று சிரித்தாள். மத்தியானம் தங்கையின் கணவர் வந்து வாசலிலேயே நின்றார்.

"கொஞ்ச நாளா படுத்த படுக்கைதான். காலையில குளத்துக்கிட்ட தூக்கிட்டுப் போகச் சொன்னா. நான் குடத்தைப் புடிச்சுக்கிட்டேன், அவ சாய்ச்சா. 'அக்காவுக்கு உடம்புக்கு முடியல போல, அவ செடி காஞ்சிரும்'னு சொன்னா. அவ்வளவுதான், போயிட்டா."

மூன்று தெருதான். நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற நினைப்பிலிருந்து அக்கா மீளவே இல்லை.

தங்கை வீட்டை வாங்கியவர் குளத்தை மூடி அங்கே கார் நிறுத்துகிறார். காரணமில்லாமல் சக்கரம் நனைந்தால் துடைத்துவிட்டுப் போகிறார். அக்காவின் குளத்திலோ தினமும் காலையில் ஒரு குடம் அளவுக்குத் தண்ணீர் ஏறுகிறது. மழைக்காலத்திலும் நிற்பதில்லை. அக்கா இலைகளைக் கையால் விலக்கி, குனிந்து சொல்கிறாள்: "போதும்டி, வழியுது."