வெந்துபோன செம்பாசி

அலமாரியில் வைத்த காகிதப் பொட்டலத்தைக் காணோம். அடுப்பங்கரையிலிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. வஜிஹா அங்கே ஓடினாள்.

"அண்ணி, இங்க இருந்த பாசி எங்க?"

"நோன்புக்குத்தான மண்டபம் கடக்கரைலருந்து கொண்டாந்தே? காய்ச்சிட்டேன்," என்றாள் ரோஷன் பீ. கடல்பாசி காய்ச்சாமல் அந்தத் தெருவில் யாரும் நோன்பு திறப்பதில்லை. "கடைப்பாசி வெள்ளையா இருக்கும். இது செவப்பா இருந்துச்சா, ஒசத்தின்னு நெனச்சேன்."

அது கல்லூரிச் சுற்றுலாவில் வஜிஹா முழங்கால் நனையக் கடலில் இறங்கிப் பொறுக்கிய அரிய வகை. மறுநாள் காலை தாவரவியல் செய்முறைத் தேர்வு. சொந்த மாதிரியைக் காட்டாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். கிருஷ்ணகிரியில் கடலுக்கு எங்கே போவது?

"பரீட்சைல மூணு செடி காட்டணும் அண்ணி. ஆம்பளச் செடி, பொம்பளச் செடி, அதுங்க பேரப்புள்ள, மூணும் பாக்க ஒண்ணாவே இருக்கும். ஆண் அணுவுக்கு வாலே கெடையாது, நீந்தாது. தண்ணி தள்ளுற பக்கம் போவும்."

"உங்கண்ணன் மாதிரி. ஓசூர் கம்பெனி பஸ்சு எறக்கிவிட்ட எடத்துல நிப்பாரு."

"போய் ஒட்டிக்கிச்சுன்னா தாய்ச்செடி மேலயே முண்டு வளரும். அந்த முண்டுதான் புள்ள. அம்மா சத்தை உறிஞ்சிக்கிட்டு அங்கயே கெடக்கும். அது செதறுற வித்துதான் பேரப்புள்ளையா மொளைக்கும். பேரப்புள்ள விடுற வித்துல பாதி ஆணு, பாதி பொண்ணு. எனக்கு அந்த முண்டு வேணும்!"

"வடிகட்டின துணில கடுகாட்டம் என்னமோ நின்னுச்சேடி. குப்பைல கொட்டிட்டேன்."

வஜிஹா குப்பைக்கூடையில் கையை விட்டாள். முண்டோடு மூன்று இழை கிடைத்தது.

மறுநாள் தேர்வறையில், சேலத்திலிருந்து வந்த தேர்வாளர் பரமசிவம் இழையைத் தூக்கிப் பார்த்தார். "சிவப்பு எங்கம்மா போச்சு?" சிவப்புச் சாயம் சூட்டில் நிற்காது. வஜிஹா அண்ணிக்குச் சொன்ன பேரப்பிள்ளைக் கதையையே அவருக்கும் சொல்லிக்கொண்டு ஒரு முண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து அழுத்தினாள். காய்ந்த முண்டு கல்லாக இருக்கும். இது வெந்திருந்ததால் பொலபொலவென்று திறந்து வித்துகளைக் கொட்டியது.

நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. "இவ்ளோ தெளிவா நான் பாத்ததில்ல. எப்படி பதப்படுத்துன? ஏலக்காய் வாசம் வேற வருது?"

"அரை மணி நேரம் வேகவச்சாங்க சார், எங்க அண்ணி."

அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "சரி, ஆண் செடியும் பேரப்பிள்ளையும் எங்க?"

"நேத்து நோன்பு தெறக்கறப்ப தின்னுட்டோம் சார்."

பரமசிவம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "ஆணுக்கு ஒண்ணு, பேரனுக்கு ஒண்ணு கொறச்சாச்சு," என்று முனகியபடி ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டார்.