டிட்மரை நிறுவியவர்

மண்வெட்டி இரண்டாம் தடவை இறங்குவதற்குள் எமெட் கிழவர் வெர்னெல்லின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க வெட்டாதம்மா. எங்க முப்பாட்டன் படுத்திருக்காரு."

வெர்னெல்லுக்கு அழுகை வர வேண்டிய நாள், வந்தது எரிச்சல்தான். அப்பாவின் சவப்பெட்டி தேவாலயத்தில் காத்திருந்தது. மதியம் அடக்கம். குழி ஒரு சாண்கூட இறங்கவில்லை.

எங்கள் டிட்மரை ஊர் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். மேயர் இல்லை, கவுன்சில் இல்லை, தபாலாபீசையும் மூடியாகிவிட்டது. அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநில வரைபடத்தில் அந்த இடத்தில் வெறும் ஓடைதான் ஓடுகிறது. வரலாறு மட்டும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். குழியையும் நாங்களேதான் வெட்டிக்கொள்வோம். பழைய சமாதிகள் பலவற்றுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. வளைந்த இரண்டு கம்பிகளைப் பிடித்தபடி நடந்து, அவை குறுக்கே சேரும் இடத்தில் "இங்கே இன்னார்" என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் வெர்னெல்லின் அப்பா ஓடெல். அவர்தான் இப்போது பெட்டிக்குள் இருக்கிறார்.

அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில்தான் அப்பா, அதில் மாற்றமில்லை என்றாள் வெர்னெல். குழி வெட்ட வந்திருந்த ரோஸ்கோ தொண்டையைக் கனைத்தார். அங்கே இருப்பது எமெட்டின் முப்பாட்டன் இல்லையாம். மரம் அறுக்கும் மில் வைத்து ஊரையே நிறுவிய தன்னுடைய கொள்ளுத்தாத்தாவாம். கூட வந்திருந்த டாயல் சிரித்தார். மில்லாவது மண்ணாவது, டிட்மரை நிறுவியவர் கோவேறு கழுதை விற்ற தன் தாத்தாவின் அப்பா, அவர் படுத்திருப்பதும் அங்கேதானாம்.

"இதெல்லாம் யாரு சொன்னது?" என்று கேட்டாள் வெர்னெல்.

"உங்கப்பன்தான். கம்பி வச்சுக் காட்டினான்," என்றார் எமெட். "உங்கம்மாவைப் புதைச்ச மறுவாரம்."

மற்ற இருவரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் காட்டியது அதே ஆள், அதே வாரம்.

விருந்தில் நாற்காலிமேல் கோட்டைக் கழற்றிப் போட்டு இடம் பிடிப்பதுபோல, அம்மாவின் பக்கத்தில் தனக்கென்று அப்பா மூன்று பிணங்களைப் போட்டு வைத்திருக்கிறார்.

"மூணு பேரையும் கொஞ்சம் நகர்ந்து படுக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வெர்னெல் வெட்டினாள். புல்லுக்குக் கீழே சிவப்புக் களிமண் கல்லாக இறுகியிருந்தது. ஒருமுறை திறந்த மண் எப்படி இருக்கும் என்று அந்த மூவருக்கும் தெரியும். இது யாரும் திறக்காத மண்.

"திருட்டுப் பய," என்றார் ரோஸ்கோ, மெதுவாக.

எமெட் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். "தள்ளும்மா. அகலமா வெட்டணும். உங்கப்பன் கைகாலைப் பரப்பித் தூங்குற ஆளு."

"அப்ப எங்க தாத்தனோட அப்பன் நெசமா எங்கதான்டா படுத்திருக்காரு?" என்று கேட்டார் டாயல்.

டாயல் கல் இல்லாத புல்வெளி முழுவதையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, அடுத்த அடியை எங்கே, யார்மேல் வைப்பது என்று தெரியாதவர்போல் நின்ற இடத்திலேயே நின்றார்.