தங்கையும் ஒரு டம்ளர் தண்ணீரும்

படத்துக்கு வெள்ளையடித்துவிடலாம் என்று அக்கா காலையிலேயே முடிவு செய்துவிட்டாள். வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்தாள். பட்டை பிரஷைத் தேடி எடுத்தாள். கைதான் எழவில்லை.

படத்தில் இருந்தது அவள் தங்கை. சன்னலோர மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர், அதில் பாதித் தண்ணீர். அவ்வளவுதான் படம்.

பாடப் புத்தகங்களுக்குத் தவளையும் எரிமலையும் வரைந்து பிழைப்பவள் அக்கா. இது மட்டும் தனக்காக வரைந்தது. சின்னவளுக்கு வேறு ஊரில் வேலை, நாளை கிளம்புகிறாள். அம்மா அப்பா போனபின் வீட்டில் இருந்தது இவர்கள் இருவர்தான். நாளைக்கு ஒருத்தி. சுவரிலாவது அவள் இருக்கட்டும் என்று ஆரம்பித்தது. மழைக்காலம் முழுக்க அழித்து அழித்து வரைந்தும் முகம் வரவில்லை. பிடித்து வைத்த களிமண் மாதிரி இருந்தது.

சின்னவள் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

“என்னக்கா, உயிரோட இருக்கும்போதே எனக்குச் சமாதியா?”

“கேன்வாஸ் வீணாகக் கூடாதுடி. மேல வேற ஏதாவது வரைஞ்சுக்கலாம்.”

“அடேங்கப்பா. நான் வீணாப் போனா பரவாயில்லை.”

“உன் மூஞ்சி உக்காரவே மாட்டேங்குதே. நான் என்ன செய்ய?”

“நான் உக்காந்தேனே! இடுப்பு கழண்டு போச்சு.” படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். “மாடி வீட்டு மாமா வந்து என்ன சொன்னார்? ‘அப்படியே எடுத்துக் குடிக்கலாம் போல இருக்கு’ன்னார். ஃப்ரேம்காரர்? ‘டம்ளர் பிரமாதம்’. இது யாருன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? டம்ளரை யாரும் தூக்கிட்டுப் போயிடாம காவலுக்கு உக்கார வெச்ச மாதிரி இருக்கேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

டம்ளர் ஒரே காலையில் வந்தது. கை தானாகப் போயிற்று. தண்ணீரில் ஒடிந்து தெரிந்த சன்னல் கம்பி, மேசையில் நடுங்கிய வெளிச்சம். இத்தனை வருஷத்தில் அதைவிட நல்லதாக எதையும் அவள் வரைந்ததில்லை.

கிட்டே போய் உள்ளங்கையால் டம்ளரை மறைத்தாள்.

கண்ணுக்குப் போக வேறு இடமில்லை, முகத்துக்குப் போயிற்று. உதட்டோரத்தில் ஓர் இழுப்பு. சரியில்லை, சரியில்லை என்று அவள் அழிக்க அழிக்கத் திரும்பி வந்து நின்ற இழுப்பு. ‘எந்திரிக்கட்டுமா?’ என்று கேட்பதற்கு முன்னால் சின்னவள் வைத்துக்கொள்ளும் வாய்.

கையை எடுத்தாள். டம்ளர் மின்னியது. முகம் மறுபடி மண்.

“என்னக்கா, கண்ணாமூச்சியா?”

அக்கா வெள்ளை டப்பாவை மூடினாள். தட்டில் மேசையின் பழுப்பைக் குழைத்தாள்.

“அய்யோ, அதையா? அது ஒண்ணுதானே நல்லாருக்கு!”

“அதான்டி சனியனே.”

“பாவம்க்கா. தனியா வெட்டி எடுத்து மாட்டிக்கோயேன்.”

அக்காவுக்கு அந்த யோசனை இனித்தது. கத்தியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“உன் முழங்கையும் சேர்ந்து வந்துடும்,” என்றாள்.

“முழங்கைதானே, போகட்டும்.”

“போகாது.”

டம்ளர் மேல் பிரஷின் முதல் இழுப்பிலேயே வெளிச்சம் போயிற்று. அக்கா நிறுத்தவில்லை. கடைசியில் வெறும் மேசை. அதன்மேல் ஒரு முழங்கை. அதற்கு மேலே, யாரோ கூப்பிட்டதுபோல, எழுந்துகொள்ளப் பார்க்கிற ஒரு பெண்.

சின்னவள் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“நான் இப்படியா மூஞ்சியை வெச்சிருந்தேன்? எப்படா விடுவாங்கன்னு?”

“தினமும்.”

“நீ ஒண்ணும் சொல்லலையே.”

“சொன்னா மாத்திக்குவ.”

சின்னவள் குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். பழுப்புக்கு அடியில் டம்ளரின் விளிம்பு மெல்லிய மேடாகத் தெரிந்தது.

“அக்கா, உள்ள இருக்கு பாரு.”

“இருக்கட்டும். ஈரத்தைத் தொடாதே.”

“சரி, நான் போய் பெட்டி கட்டவா?”

கேட்பதற்கு முன்னால் அவள் உதட்டோரம் இழுத்துக்கொண்டதை அக்கா பார்த்தாள். படத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“போ,” என்றாள்.