காத்தாலை மாப்பிள்ளை

திண்டிவனம் பக்கத்து வல்லத்து ஜெகதீசன் மாதிரி ஒரு மேதாவி பொறந்ததும் இல்லை, பொறக்கப் போறதும் இல்லை. மழை ஏன் பெய்யலைன்னு ஊரே வானத்தைப் பார்த்துக்கினு நிக்கும். அவருக்கு மட்டும் காரணம் தெரியும். தென்காசிப் பக்கம் காத்தாலை சுத்துதாம். அது மேகத்தையெல்லாம் வெரட்டி அடிக்குதாம். நடுவுல எத்தனை ஜில்லா இருக்குன்னு கேட்டா, "மேகத்துக்கு ஏதுடா ஜில்லா?"ம்பார்.

மகள் அருணாவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. தன் கிணத்து மேட்டுல ஆயில் இஞ்சின் நாள் முச்சூடும் கரும்புகை கக்குதே, அது கண்ணுல படாதா இந்த மனுஷனுக்கு? பெத்த அப்பனாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்குவாள். அவள் கட்டிக்க ஆசைப்பட்ட திண்டிவனத்து இனியவனுக்கு வேலையே காத்தாலைக்கு மேல ஏறி ரிப்பேர் பாக்கறதுதான். அழுது அடம்பிடிச்சுத்தான் அப்பனை ஒத்துக்க வெச்சிருந்தாள்.

பொண்ணு பாக்க அவனும் அவன் அம்மா குப்பம்மாளும் வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பிச்சுட்டார் ஜெகதீசன்.

"ஏந்தம்பி, மழையத் தொரத்தறதுக்கு மாசச் சம்பளமா, தினக்கூலியா?"

உள்ளே காப்பி ஆத்திக்கினு இருந்த அருணாவுக்கு மானம் போச்சு. த்தூ, இதெல்லாம் ஒரு பேச்சா!

"மேகம் அதுக்கெல்லாம் மேல போவுதுங்க மாமா," என்றான் இனியவன். "ஆனா பறவைங்க காத்தாலை றெக்கையில அடிபடுதுங்க. அது நெசம். கீழ கெடக்கறதப் பாத்தா மனசு பேஜாராத்தான் இருக்கும்."

"பாத்தியா, அவன் வாயாலயே ஒத்துக்கினான்!" ஜெகதீசன் தொடையைத் தட்டினார்.

அருணா காப்பி கொண்டாந்து கொடுத்தாள். குப்பம்மாள் வாய்கிட்ட கொண்டுபோன டம்ளரைக் கீழே வெச்சாள். இனியவனும் வெச்சான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. டீசல் வாடை அடிக்குது," என்றாள் குப்பம்மாள்.

"எங்க வீட்டுக் காப்பியா?" ஜெகதீசன் தன் டம்ளரை ஒரே மடக்கில் குடிச்சுக் காட்டினார். "எங்க கிணத்துத் தண்ணிம்மா, தேனு!"

இனியவன் எழுந்து போய்க் கிணத்தை எட்டிப் பார்த்துட்டு வந்தான். "இஞ்சின் ஒழுகிக்கினு இருக்குது மாமா. தண்ணி மேல எண்ணெய் மெதக்குது."

நல்லா வேணும்! அருணாவுக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்தது. அப்பனுக்கு மூக்கும் செத்துப்போச்சு, மூளையும் செத்துப்போச்சு. குப்பம்மாள் வெச்ச டம்ளரை அருணா எடுத்து மோந்து பார்த்தாள். காப்பி வாசனை. இன்னும் இழுத்து மோந்தாள். ஒரு வாய் குடிச்சே பார்த்தாள். நல்ல காப்பிதான், சக்கரை சரியா இருந்தது.

"உனக்குந் தெரியலையாம்மா?" என்றாள் குப்பம்மாள்.

எல்லாரும் அவளையே பார்த்தாங்க.

"தெரியலைங்க."

"அப்படிச் சொல்லு! யாரு பொண்ணு!" என்றார் ஜெகதீசன்.

குப்பம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அருணா கையிலிருந்த டம்ளரை மெதுவா வாங்கிக்கினாள். "வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சுடலாம்ண்ணே. பாவம், இந்தப் பொண்ணு இனிமேயும் இந்தத் தண்ணியக் குடிக்க வேணாம்."

அருணா ஏங்கிக் கெடந்த வார்த்தைதான். ஆனா இனியவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால முடியலை.