கலப்பில்லாத பாம்பு

"ஓர் இனத்தின் வரலாறு அதன் தோலில் எழுதப்பட்டிருக்கிறது. அரசுகள் அழியலாம், ஏடுகள் எரியலாம். தோல் பொய் சொல்லாது!"

இதை நீக்கிலாஸ், கனடாவில் ரூஜ் என்ற இடத்தில் உள்ள தன் வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ரில், உடுப்பு உலர்த்தும் மெசினுக்கு முன்னால் நின்று, வலக்கையை உயர்த்திச் சொன்னார். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று, கண்ணாடித் தொட்டிக்குள் கிடந்த எட்டடி மலைப்பாம்பு. அதற்குக் காது கிடையாது. மற்றது மனைவி யூஜினி. அவவுக்குக் காது இருந்தது, நேரம் இல்லை.

"அரக்கி நில்லுங்கோ, துவாய் எடுக்கவேணும்."

2009 வைகாசி. இலங்கையில் யுத்தம் முடிந்த கிழமை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி ரோட்டை மறித்து நின்ற சனம் பதாகைகளைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பி, ரிவிக்கு முன்னால் பேச்சுமூச்சில்லாமல் இருந்தது. சங்கங்களுக்கு மட்டும் பேச்சு நிற்கவில்லை. ஸ்காபரோவில் பொது அஞ்சலிக் கூட்டம் ஒன்று வரவிருந்தது. தலைமை உரை யார் என்பதில் எல்லாச் சங்கங்களும் ஒரே முடிவோடு இருந்தன: மற்றச் சங்கத்து ஆள் இல்லை.

நீக்கிலாஸ் வீடு விற்கும் ஏஜென்ற். பஸ் தரிப்பு வாங்குகளில் எல்லாம் விளம்பரமாக அவருடைய சிரிப்பு இருந்தது, சிரிப்பின் மேல் சனம் இருந்தது. மன்னார் மாந்தர் பேரவைக்குத் தலைவரும் அவர்தான். புது முகத்தைக் கண்டால் கை குலுக்க முன்னம் "ஊரிலை எவடம்?" என்பார். ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்பார், கோயிலைச் சொன்னால் ஒழுங்கையைக் கேட்பார். பிறகு, எதிரில் நிற்பவரின் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் பிடிபட்டுவிட்டதுபோல ஒரு "ம்ம்" போடுவார். அந்த "ம்ம்"முக்குப் பயந்து கோயில் வாசலில் சுற்றிப் போகிறவர்கள் இருந்தார்கள்.

பாம்பை அவர் வோபர்ன் பக்கம் பாம்பு விற்கிற ஒருவனிடம் வாங்கினார். "ஈழத்து மலைப்பாம்பு, மன்னார்க் காட்டு வம்சம், துளி கலப்பில்லை" என்றான் அவன். பாம்பு சந்தனத்தைக் கரைத்துப் பூசியது போல வெளிறிக் கிடந்தது. சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்தால் கூரையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்ற ஞானத்தில் காலம் தள்ளிய நீக்கிலாஸ், நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டார்.

மடு மாதா கோயில் மண் இருக்கிற இடத்தில் பாம்பு தீண்டாது என்பது யூஜினியின் ஊர் நம்பிக்கை. மேலே ஹோலில் மாதா சொரூபம் பாம்பின் தலையை மிதித்தபடி நிற்க, கீழே புருஷன் பாம்புக்கு வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.  அவ தொட்டியைச் சுற்றி மடு மண்ணைத் தூவிவிட்டு வேலைக்குப் போனா.

பாம்பைத் தோளில் போட்டபடி தலைமை உரை ஆற்றுவது நீக்கிலாஸின் திட்டம். "எங்கட மண்ணிலையிருந்து கலப்பில்லாமல் வந்து சேர்ந்த ஒரே சீவன்" என்று தொடங்கினால் மண்டபம் குலுங்கும். அதே உரைக்கு ஆசைப்பட்ட, போட்டிச் சங்கச் செயலாளர் சிவபாதம் சும்மா இருப்பாரா?

"உது பர்மாப் பாம்பு. பர்மாக்காரனைத் தோளிலை போட்டுக்கொண்டோ எங்கட சனத்துக்கு அழப்போறியள்?"

குழு ஒன்று போடப்பட்டது. பாம்பு ஈழத்தது என்றால் உரை நீக்கிலாஸுக்கு, பர்மா என்றால் சிவபாதத்துக்கு. ஞாயிறு பின்னேரம் சிவபாதமும், தமிழ்ப் பள்ளிக்கூட அருள்நாயகி ரீச்சரும் பேஸ்மென்ருக்கு இறங்கினார்கள். கூடவே மார்க்கம் நகரிலிருந்து செந்தில்நாதன். கோயம்புத்தூர்க்காரர், கொம்பியூட்டர் வேலை, வீட்டில் பாம்பு வளர்ப்பவர். நீக்கிலாஸ் ஆட்டிறைச்சி ரோல்ஸைத் தன் கையாலேயே பரிமாறினார்.

ரீச்சர் குனிந்து பார்த்தா. "நிறம் மன்னார் மாதிரித்தான் கிடக்கு."

"மன்னாரிலை எவடம்?" என்றார் சிவபாதம். "முருங்கன் பக்கமெண்டால் இன்னும் கொஞ்சம் கறுக்கவேணும்."

"வெயில் படாமல் வெளுத்திட்டுது. எங்கட பிள்ளையளும் இஞ்சை அப்பிடித்தானே" என்றார் நீக்கிலாஸ்.

செந்தில்நாதன் தொண்டையைச் செருமினார். "நிறத்தை வெச்சுச் சொல்ல முடியாதுங்க. வளர்க்கிறவங்க ஜோடி மாத்தி மாத்திச் சேர்த்து, கேட்ட நிறத்துல குட்டி எடுக்குறாங்க. பர்மாப் பாம்புலயே இப்படி வெளிறினது உண்டு. கண்ணுக்குக் கீழ பாருங்க. நம்ம பக்கத்துப் பாம்புன்னா மேலுதட்டுச் செதில் கண்ணைத் தொட்டுட்டு இருக்கும். பர்மான்னா நடுவுல பொடிச் செதிலா ஒரு வரிசை ஓடும். டார்ச் இருக்குங்களா?"

நீக்கிலாஸ் டார்ச் எடுக்க நகரவில்லை. வீடு விற்றவர் அல்லவா, பேச்சைத் திருப்பினார்.

"உந்த நம்ம பக்கம் எண்டது எந்தப் பக்கம், தம்பி?"

"இந்தியா, இலங்கை ரெண்டும்தாங்க. இலங்கைப் பாம்பைத் தனிக் கிளையினம்னு முன்னாடி பிரிச்சு வெச்சிருந்தாங்க. இப்பப் பல பேரு அதெல்லாம் வேண்டாம், இந்தியப் பாம்பேதான்னு..."



"என்ன சொன்னனீர்?" என்றார் சிவபாதம்.

"அப்ப எங்களுக்கெண்டு ஒரு பாம்பும் இல்லையோ?" என்றா ரீச்சர்.

"இந்தியாக்காரர் எங்கட பாம்பையும் விடமாட்டியளோ?" என்றார் நீக்கிலாஸ்.

இத்தனை மாதமாக ஒரே மேடையில் ஏற மறுத்தவர்கள் அந்தக் கணத்தில் ஒன்றுபட்டார்கள். மேலே போன் அடித்தது. யூஜினி மட்டும் படியேறி ஓடினா. அவவின் தம்பி ஊரில் அகதி முகாமில் இருக்கிறானா, உயிரோடுதான் இருக்கிறானா என்பதே தெரியாது. எடுத்தால், மலிவுத் தொலைபேசித் திட்டம் விற்கிற ஒருவன். அவ திரும்பி வந்தபோது கீழே கைகள் உயர்ந்திருந்தன. பாம்பு ஈழத்துப் பாம்பு, தனிக் கிளையினம், கலப்பில்லை: ஏகமனதான தீர்மானம். சிவபாதமும் கையைத் தூக்கியிருந்தார். கோபத்தில் தன் உரை போனதைக் கவனிக்கவில்லை. டார்ச்சை ஒருவரும் தேடவில்லை. செந்தில்நாதன் இன்னொரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு ஓரமாய் ஒதுங்கினார்.

"ஒரு படம் எடுங்கோ" என்று நீக்கிலாஸ் தொட்டிக்குள் கையை விட்டார்.

"சார், கை கழுவிட்டு... கறி வாசம்..."

பாம்புக்குத் தீர்மானம் தெரியாது, ஆட்டிறைச்சி தெரியும். கையைக் கவ்வி, முழங்கைவரை சுற்றி, கழுத்தை நோக்கி ஏறியது.

நீக்கிலாஸ் அலறினார். மாதாவே என்றில்லை, ஐயோ என்றுகூட இல்லை.

"அனே புதுஅம்மோ! மாவ பேரகன்ன! பேரகன்ன!"

சுத்தச் சிங்களம். காப்பாற்றுங்கோ என்று கெஞ்சுகிற, தாய்ப்பாலோடு வந்த சிங்களம். பாம்பு இறுக்க இறுக்க, வசனங்கள் இன்னும் திருத்தமாக வந்தன.

செந்தில்நாதன் வாலிலிருந்து தொடங்கிச் சுருள் சுருளாகப் பிரித்தெடுத்தார். கையைக் கவ்விய தலை எல்லோர் மூக்குக்கும் முன்னால் இருந்தது. கண்ணுக்குக் கீழே பொடிச் செதில்கள் ஒரு வரிசையாக ஓடின.  எல்லோரும் நீக்கிலாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவபாதம் மெல்லக் கேட்டார். "அண்ணை, ஊரிலை எவடமெண்டு சொன்னனீங்கள்?"

நீக்கிலாஸ் கூரையைப் பார்த்தார்.

யூஜினி துவாயால் அவர் கையைச் சுற்றிக்கொண்டே சொன்னா: "மன்னார் நான். இவர் என்னைக் கட்டினாப்பிறகுதான் மன்னார்."

நீக்கிலாஸ் பிறந்து வளர்ந்தது நீர்கொழும்பில். வீட்டில் பேசியது சிங்களம்.